ஓநாய்க்குட்டியும் கற்றலீனாவும்: இரு மகாயுத்தங்களில் இலங்கைக் கடலைக் காத்த கண்கள்

சூழ்ச்சியும் துணிவும் ஒருங்கே வாய்ந்த ஒருவனைக் கண்டால், ‘அவன் பெரிய எம்டன்’ என்று கூறுவது தமிழ் மக்களிடையே வழக்கு. 1914ஆம் ஆண்டு செப்தெம்பர் 22ஆந் தேதி இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்த ஜேர்மன் போர்க்கப்பலின் பெயர் இவ்வாறு நம் நாவிலே நிலைத்துவிட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் கொக்கோஸ் தீவுகளருகே அக்கப்பல் அழிந்தது. எம்டனை இத்துணை நன்றாக அறிந்து வைத்திருக்கும் நாம், அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் கொழும்புத் துறைமுகத்தின் வாயிலுக்கே வந்து தன் வேலையை முடித்துக்கொண்டு சென்ற வேறொரு ஜேர்மன் கப்பலின் பெயரைக் கேட்டதுமில்லை. எம்டன் பீரங்கி முழக்கத்தோடு வந்தது. மற்றையது ஓசையின்றி வந்தது. ஓசை செய்வோரையே உலகம் நினைவில் வைக்கும் போலும்!

அக்கப்பலின் பெயர் ‘வொல்ப்’. ஜேர்மன் மொழியில் ஓநாய் என்பது பொருள். சமாதான காலத்திலே ‘வாக்ட்பெல்ஸ்’ என்ற பெயருடன் சரக்கேற்றித் திரிந்த சாதாரண வணிகக் கப்பல் அது. மணிக்குப் பத்துப் பதினொரு கடல் மைலுக்கு மேல் ஓடும் வலு அதற்கில்லை. யுத்தம் வந்ததும் பக்கச் சுவர்களுக்குள்ளே பீரங்கிகளையும் டோர்ப்பிடோக் குழாய்களையும் ஒளித்து, நானூற்றுக்கு மேற்பட்ட கடற்கண்ணி வெடிகளையும் ஏற்றி, கார்ல் நெர்கர் என்னும் தலைவனின்கீழ் 1916ஆம் ஆண்டு நவம்பர் 30ஆந் தேதி கீல் துறைமுகத்திலிருந்து அனுப்பினர். புகைபோக்கியையும் கொடிமரங்களையும் உயர்த்தவும் தாழ்த்தவும் வசதி செய்திருந்தமையால், இன்று ஒரு தோற்றமும் நாளை வேறொரு தோற்றமுமாக அது கடலில் உலாவிற்று. தானாக வானொலிச் செய்தி எதனையும் அனுப்பாது, பிறர் அனுப்பும் செய்திகளை மாத்திரம் ஒட்டுக் கேட்டுக்கொண்டே சென்றது.

ஓநாய்க்கு ஒரு குட்டியும் உண்டு. ‘வொல்ப்ஹென்’, அதாவது ‘சிறு ஓநாய்’ என்று செல்லமாகப் பெயரிடப்பெற்ற ஆகாய விமானமே அது. பிரீட்ரிக்ஸ்ஹாபன் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. மரச்சட்டமும் துணியும் கொண்ட இரட்டைச் சிறகு. 150 குதிரைவலுவுள்ள ஒற்றை இயந்திரம். சக்கரங்களுக்குப் பதிலாக நீரில் மிதக்கும் இரண்டு பாதங்கள். இருவர் அமர இடம். பாபெக், ஸ்டைன் என்னும் இரு விமானிகள் அதனைச் செலுத்தினர். வேண்டாத வேளையில் அதனைக் கழற்றிக் கப்பலினுள்ளே மறைத்துவைப்பர். வேண்டும்போது பூட்டி, பாரந்தூக்கியினால் கடலில் இறக்குவர். அலை அடங்கியிருந்தால் அது நீரிற் சறுக்கி எழும். அடங்காவிடில் காத்திருக்க வேண்டியதுதான். பலமுறை சேதமுற்று, நடுக்கடலிலேயே திருத்தப்பெற்று, பயணம் முடிவதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்ட தடவை அது பறந்தது.

இத்தனை பாடுபட்டு ஒரு துணிச்சிறகு விமானத்தை உலகம் சுற்றிக் கொண்டு திரிவானேன்? கணக்கு மிக எளிது. கப்பலிலே நூறடி உயரக் கொடிமரத்தின் உச்சியில் நிற்பவனுக்குக் கடலின் விளிம்பு ஏறத்தாழ 12 மைலில் முடிந்துவிடும். மூவாயிரம் அடி உயரத்திற் பறப்பவனுக்கோ அது 65 மைலுக்கு அப்பாற் போய்விடும். மலைநாட்டவராகிய எமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. பதுளைக்குக் கிழக்கே 6,600 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நமுனுகுலை மலையில் ஏறினால், மேகமற்ற காலையிலே கீழ்க்கரை வரையில் நிலம் விரிந்து கிடப்பதைக் காணலாம். அடிவாரத்து லயத்து வாசலிலிருந்து பார்த்தால் எதிர்மலைக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. சீதையைத் தேடி வந்த வானரர் கடற்கரையிலே திகைத்து நின்றபோது, கடலுக்கு அப்பால் இலங்கையில் நடப்பதைக் கண்டு சொன்னவன் கழுகரசனாகிய சம்பாதியே என்பதையும் இளைஞர்கள் நினைவுகூர்வாராக. மெதுவாகச் செல்லும் ஓநாய்க்கு இக்குட்டியே கண். கண் உள்ளதனால், வேகமாக ஓடும் இரையைத் துரத்தவேண்டிய தேவையே அதற்கு இல்லாதுபோயிற்று. இரை வரும் வழியிற் சென்று காத்திருக்கலாம், பகைவனின் போர்க்கப்பல் வந்தால் முன்கூட்டியே விலகலாம்.

தென்னாபிரிக்க முனையருகே கண்ணிகளை இட்ட பின், 1917ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆந் தேதியளவில் வொல்ப் கொழும்பை அடைந்தது. துறைமுகத்தின் தேடொளி விளக்குகள் கடலைத் துழாவிக்கொண்டிருக்க, அவ்வொளி எட்டாத இருளிலே அது தன் கண்ணிகளை வரிசையாக இறக்கிவிட்டு வடக்கே பம்பாயை நோக்கிப் போய்விட்டது. இராக்கால வேலையாதலால் விமானத்துக்கு அங்கே பணியில்லை. இரண்டு நாளில், 17ஆந் தேதி, ‘வூஸ்ரஷயர்’ என்னும் பெரிய பிரயாணிக் கப்பல் கொழும்புக்கு அண்மையில் வெடித்து மூழ்கியது. 21ஆந் தேதி ‘பேர்சியஸ்’ என்னும் கப்பலும் அவ்வாறே ஆயிற்று. உயிரிழந்தோர் சிலரே. ஆயினும், பகைவனை எவரும் கண்டிலர். கடலைக் கண்காணிக்க இலங்கையில் அப்பொழுது ஒரு விமானமும் இல்லை.

கொழும்பில் வெடித்த வெடிக்கும் ஊவாவுக்கும் என்ன தொடர்பு என்று சில வாசகர்கள் வினவக்கூடும். அக்காலத்தில் புகையிரதப் பாதை பண்டாரவளையோடு நின்றுவிட்டது. பதுளைக்கு வந்தது 1924ஆம் ஆண்டிலேதான். பதுளை, பசறைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் வண்டிப்பாதை வழியே மலையேறிப் பண்டாரவளைக்குச் சென்று, அங்கிருந்து கொழும்புக்குப் போய், கப்பலேறி இலண்டனுக்குச் செல்ல வேண்டும். எதிர்த்திசையில் வந்தது அரிசி. கொழுந்து பறித்த கை உண்ட சோற்றில் பெரும்பகுதி கடல் கடந்து வந்ததே. ஆகவே கொழும்புத் துறைமுகத்தின் வாயில் என்பது தோட்டத்து லயத்தின் வாயிலும் ஆகும். கப்பல் தாமதித்தால் பண்டகசாலையில் தேயிலை தேங்கும். அதைவிட முக்கியமாக, லயத்து அடுப்பில் உலை தேங்கும்.

குட்டியின் வேலைக்கு வருவோம். 1917 யூன் மாதத்தில், நியூசீலந்துக்கு வடக்கே ஒரு தீவின் மறைவில் வொல்ப் தன் இயந்திரங்களைத் திருத்திக்கொண்டு கிடந்தபோது ‘வைறூனா’ என்னும் கப்பல் அவ்வழியே வந்தது. விமானம் எழுந்து சென்று, வானொலியைப் பயன்படுத்தாது தம் கப்பலை நோக்கி வருமாறு எழுதிய ஓலையைத் தளத்தின்மீது போட்டு, கப்பலின் முன்னே ஒரு குண்டையும் வீசியது. வைறூனா பணிந்து திரும்பியது. ஒரு வணிகக் கப்பலை வானிலிருந்து மடக்கிப் பிடித்த இச்செயல் அந்நாளில் அரிதான ஒன்று. சிட்னி நகரத்துக்கு மேலேயும் பறந்ததாகப் பின்னாளில் எழுந்த கதையை நாம் முற்றாக நம்பவேண்டியதில்லை. விமானிகள் கதையும் வேடர் கதையும் சொல்லச் சொல்ல வளர்வன.

இலங்கைக்கு அடுத்த நிகழ்ச்சி அவ்வாண்டு செப்தெம்பரில் நடந்தது. ‘ஹிற்றாச்சி மாறு’ என்னும் ஜப்பானியக் கப்பல் கொழும்பில் தரித்து, 24ஆந் தேதி தென்னாபிரிக்காவை நோக்கிப் புறப்பட்டது. 26ஆந் தேதி மாலைதீவுகளுக்கு அருகில் வொல்ப் அதனை மறித்தது. ஜப்பானிய மாலுமிகள் பின்தளத்துப் பீரங்கியை நோக்கி ஓடியபோது ஜேர்மானியர் சுட்டனர். மாலுமிகள் பலர் மாண்டனர். மேலே குட்டி வட்டமிட்டுக்கொண்டிருந்தது. பிரயாணிகளுள் ஒருவரான, சீயத்தில் ஆசிரியராயிருந்த திரேயிஸ் என்னும் ஆங்கிலேயர் பின்னர் இதனை நூலாக எழுதினார். கைப்பற்றிய கப்பலை மாலைதீவின் தென்பகுதியிலுள்ள ஒரு தீவு வளையத்துக்குள்ளே கொண்டுபோய், குடாவின் அமைதியில் பொருள்களை மாற்றினர். கொழும்பிலிருந்து கப்பலோட்டம் இரண்டு நாள், ஆயினும் கண்டவரில்லை. இறுதியில் ஹிற்றாச்சி மாறுவை மூழ்கடித்தனர். கப்பலை இழந்த அதன் தலைவர் தொமினாகா, சிறைப்பட்ட நிலையிலே, ஊர் திரும்ப மனமின்றிக் கடலிற் குதித்து உயிர் நீத்தார்.

1918 பெப்ரவரி 24ஆந் தேதி, 451 நாள் கடலில் கழித்து, ஒரு துறைமுகத்தையும் மிதியாது, நானூற்றுக்கு மேற்பட்ட கைதிகளுடன் வொல்ப் கீலுக்குத் திரும்பிச் சேர்ந்தது. யுத்தகாலத் தணிக்கை கடுமையாயிருந்தபடியால், அதன் பின்னரே உலகம் முழு விபரத்தையும் அறிந்தது.

இத்தனைக்கும் ஜேர்மானியரை எமது ஊவா கண்டறியாததன்று. தியத்தலாவை முகாமைச் சற்றே நினைத்துப் பார்க்கவேண்டும். 1900ஆம் ஆண்டில் தென்னாபிரிக்காவிற் பிடிபட்ட போயர்களுக்காக அது எழுந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். முதல் மகாயுத்தத்தில் இலங்கையிலிருந்த ஜேர்மானியர் அங்கே காவலில் வைக்கப்பட்டுப் பின் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஞானதிலோக தேரர் என்னும் பௌத்த துறவியும் ஒருவர். 1939இல் யுத்தம் மூண்டபோது மீண்டும் அதே தேரர், இம்முறை தம் மாணாக்கரான ஞானபோனிக தேரருடன், அதே தியத்தலாவையிற் காவலுக்குள்ளானார். ஆயுதம் ஏந்தாத ஒரு முதிய துறவியை இருமுறை காவல் செய்த அரசாங்கம், தன் வாசலில் நானூறு கண்ணியுடன் வந்தவனைக் காணாது விட்டது. இதனை நகைப்பதா, இரங்குவதா?

அம்முகாமினர் 1942இன் முற்பகுதியில் இந்தியாவிலுள்ள தேராதூனுக்கு மாற்றப்பட்டனர். காரணம் ஜப்பான். பெப்ரவரி 15ஆந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8ஆந் தேதி இரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி அத்தோடு நின்றது. பாதுகாப்பை முற்றாக ஏற்ற அட்மிரல் லேற்றனும், ஆங்கிலக் கீழைக் கடற்படையை நடத்திய அட்மிரல் சொமர்வில்லும், ஜப்பானியரின் இரகசியச் செய்திகளை அவிழ்த்து வாசித்தவர்களின் உதவியால், ஏப்பிரில் முதலாந் தேதியளவில் தாக்குதல் வருமென எதிர்பார்த்தனர். நாள் கடந்தும் பகைவன் வரவில்லை. குடிநீரும் எண்ணெயும் குறைந்தமையால் சொமர்வில் தம் கப்பல்களை மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு என்னும் இரகசியத் தளத்துக்குக் கொண்டு சென்றார். சரியாக அவ்வேளையிலேதான் பகைவன் வந்தான்.

இம்முறை இலங்கைக்குக் கண் இருந்தது. காலிக்கு அண்மையில், கொக்கலை வாவியிலே, கற்றலீனா என்னும் மிதக்கும் விமானங்கள் நின்றன. இரட்டை இயந்திரம் பூண்டு, இருபது மணி நேரத்துக்கு மேல் வானில் நிற்கக்கூடியவை அவை. கனடாவின் 413ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த லியனாட் பேர்ச்சல் குளிர்மிக்க ஷெற்லாந்துத் தீவுப் பக்கத்திலிருந்து கொக்கலைக்கு வந்து சேர்ந்தது ஏப்பிரில் 2ஆந் தேதி. 4ஆந் தேதி விடியுமுன் எட்டுத் துணைவருடன் தென்கிழக்கே புறப்பட்டார். நாள் முழுதும் வெறுங்கடல். மாலையில் திரும்பும் வேளை வந்தும், சந்திரன் உதித்தால் தாம் நிற்குமிடத்தைத் திருத்தமாகக் குறிக்கலாமெனச் சற்றுத் தாமதித்தனர். அப்பொழுது தென் அடிவானத்திலே சில புள்ளிகள் தெரிந்தன. அருகே சென்று பார்த்தால், நகுமோ என்பாரின் பெருங்கடற்படை! ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள்; அவற்றைச் சூழப் போர்க்கப்பல்கள்; இலங்கையிலிருந்து 350 மைல் அளவில்.

செய்தியை ஒருமுறைக்கு மேல் திருப்பித் திருப்பி அனுப்பவேண்டும் என்பது விதி. அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியச் சண்டை விமானங்கள் பாய்ந்து வானொலிக் கருவியை உடைத்தன; கற்றலீனா தீப்பற்றிக் கடலில் வீழ்ந்தது. ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர். எஞ்சிய ஆறுபேரை ஒரு நாசகாரிக் கப்பல் தூக்கி எடுத்தது. செய்தி அனுப்பவில்லை என்றே அவர்கள் சாதித்தனர். ஆனால், தெளிவின்றிக் கிடைத்த செய்தியை மீண்டும் அனுப்புமாறு இலங்கையிலிருந்து கேட்ட குரல் ஜப்பானியக் கப்பலிலும் கேட்டுவிட்டது. அதன் பயனாகக் கிடைத்தது அடி. அன்றிரவு பகைப்படையைத் தொடர்ந்து கவனிக்கச் சென்ற இன்னொரு கற்றலீனா திரும்பி வரவேயில்லை.

மறுநாள் 5ஆந் தேதி, கிறித்தவர்களின் உயிர்த்த ஞாயிறு. புச்சிடா என்பாரின் தலைமையில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட விமானங்கள் காலை ஏழரை மணிக்குப் பின் கொழும்பின்மீது தோன்றின. துறைமுகத்திலே ‘தெனெடொஸ்’, ‘ஹெக்டர்’ என்னும் கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் மருத்துவமனையின்மீதும் குண்டு வீழ்ந்தது. குதிரைப் பந்தயத் திடலில் ஒளித்திருந்த விமானத்தளத்தை ஜப்பானியர் அறியவில்லை. ஆனால் இரத்மலானையில், முதல்நாளே எச்சரிக்கை வந்திருந்தும், ராடர் கருவி உதவாமையால் விமானங்கள் தரையில் நிற்கும்போதே பகைவன் வந்துவிட்டான்.

ஆகவே ‘இலங்கையின் இரட்சகர்’ என்று பேர்ச்சலைப் புகழ்வது எவ்வளவு பொருந்தும்? எமது கருத்து இது: அவர் செய்தி துறைமுகத்தை அசைத்தது, ஓடக்கூடிய கப்பல்கள் வெளியேறின, பீரங்கிகள் விழித்திருந்தன. எனினும் தாக்குதல் வருமென்பது முன்னரே தெரிந்திருந்தது. தெரிந்தும் இரத்மலானை உறங்கியது. கண் கண்டால் மாத்திரம் போதாது, கண்டதைக் கை கேட்கவேண்டும். அந்த ஒன்பதின்மரின் புகழை இது குறைப்பதன்று. அவர்கள் தம் பங்கை முற்றாகச் செய்தார்கள்.

பகைவனுக்கும் கண் இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. அதே ஞாயிறு, ‘தொனே’ என்னும் கப்பலிலிருந்து எறியப்பட்ட மிதவை விமானமொன்று, சொமர்வில்லைச் சேர விரைந்த ‘டோர்செற்ஷயர்’, ‘கோர்ண்வால்’ என்னும் இரு கப்பல்களைக் கண்டு சொன்னது. சிறிது நேரத்தில் இரண்டும் மூழ்கின. 424 பேர் மாண்டனர். 9ஆந் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே ஒதுங்கிய ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கியை, ‘ஹறுனா’வின் மிதவை விமானம் மட்டக்களப்புக்கு அப்பால் கண்டது. தன் விமானங்களைக் கரையில் விட்டுவந்த ஹேர்மிஸ், காப்பாரின்றி, முந்நூற்றுக்கு மேற்பட்டோருடன் மூழ்கியது. இன்றும் அது கடலடியிற் கிடக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன் ஓநாய்க்குட்டி தனியாகக் காட்டிய வித்தையே இது. இயந்திரங்கள் வலுத்தன, முறை அதுவே.

ஊவாவில் இதன் விளைவு வேறுவிதமாயிற்று. கொழும்பு அஞ்சி மலையேறியது. ரோயல் கல்லூரி பண்டாரவளைக்கு வந்தது. சென் தோமஸ் கல்லூரியின் கிளையொன்று குருதலாவையில் எழுந்தது. அது இன்றும் நிலைத்திருக்கிறது. மலாயாவை இழந்தபின் நேசநாடுகளுக்கு இயற்கை றப்பர் தரும் முதன்மை நாடு இலங்கையே என்றாயிற்று. மரம் பட்டுப்போனாலும் சரி, பால் வரட்டும் என்று வெட்டினர். தேயிலையை ஆங்கில உணவு அமைச்சு மொத்தமாக வாங்கிற்று. அரிசியோ பங்கீட்டுக்கு உள்ளாகியது. கோதுமை மா தோட்டத்து அடுப்படிக்கு வந்து நிரந்தர விருந்தாளியாயிற்று. இந்திய அரசாங்கம் 1939 ஓகஸ்டிலேயே தொழிலாளர் புதிதாக இலங்கைக்கு வருவதைத் தடைசெய்திருந்தது. மேலே கேட்கும் விமானம் எவருடையது என்று அறியாது, மலைச்சரிவிலே கூடை சுமந்து நின்ற பெண்களின் பெயரை எந்தப் படைப்பதிவும் எழுதி வைக்கவில்லை.

உரிமை கேட்டோர் நிலை எப்படி? 1940ஆம் ஆண்டில் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது சமசமாஜக் கட்சியினர் துணைநின்றனர். அவ்வாண்டு யூன் மாதத்தில் அக்கட்சித் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா முதலியோர் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின்கீழ்ச் சிறைப்பட்டனர். கொழும்பில் குண்டு வீழ்ந்து இரண்டாம் நாள் இரவு, 1942 ஏப்பிரில் 7ஆந் தேதி, கண்டிப் போகம்பறைச் சிறையிலிருந்து அவர்கள் தப்பிச் சென்றனர். வானையும் கடலையும் காத்துநின்ற அரசாங்கத்தின் கண்ணுக்குச் சிறைக்கதவு தப்பிவிட்டது.

ஜப்பானியப் பெருங்கடற்படை திரும்பி வரவில்லை. அதன்பின் இலங்கையே கண்ணாக மாறிற்று. சீகிரியாவிலிருந்தும் காங்கேசன்துறையிலிருந்தும் எழுந்த 160ஆம் படைப்பிரிவின் லிபரேற்றர் விமானங்கள் சுமாத்திராவரை பறந்து படமெடுத்தன. கொக்கலையிலிருந்து கற்றலீனாக்கள் எங்கும் இறங்காது ஆஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குப் பறந்தன. ஒரே பயணத்தில் பிரயாணிகள் இருமுறை சூரியோதயம் கண்டனர். யுத்தம் ஓய்ந்து, 1956ஆம் ஆண்டிலே கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவின் உதவியுடன் இலங்கை முழுவதும் வானிலிருந்து படமெடுக்கப்பட்டபோது, ஊவாவின் தேயிலைச் சரிவுகளும் லயங்களின் நீண்ட கூரைகளும் படத்தில் ஏறின. அவ்வேளையில் எதிர்த்துச் சுட எவருமில்லை.

கடலில் வீழ்ந்த அந்த ஆறுபேரையும் மாண்டோர் என்றே கனடா நெடுங்காலம் எண்ணியிருந்தது. ஜப்பானியச் சிறைமுகாம்களிலே பேர்ச்சல் தம் சகோதரக் கைதிகளுக்காகக் காவலரை எதிர்த்து நின்று பலமுறை அடியுண்டார். 1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் விடுதலை பெற்று வீடு திரும்பிய அவர், 2004ஆம் ஆண்டிலே தம் 89ஆம் வயதில் காலமானார்.